டிக்கிக்குள் கச்சேரி

சங்கீத விமரிசனம் எழுதுகிறவர்கள் பாட்டைப் பற்றி எழுதுவார்கள். பாடியவரைப் பற்றி எழுதுவார்கள். மிஞ்சிப் போனால் சபாவின் நாற்காலிகளைப் பற்றியும் அங்கே கிடைக்கும் காபியைப் பற்றியும் இரண்டு வரி எழுதுவார்கள். பாட்டு எந்தப் பெட்டிக்குள்ளிருந்து நம் காதுக்கு வருகிறது என்பதைப் பற்றி அநேகமாக யாரும் எழுதுவதில்லை. நம்மில் பெரும்பாலோர் சங்கீதம் கேட்பதே பெட்டியின் தயவால்தான் என்பதை யோசித்தால் இது விநோதமாக இருக்கிறது. அதிலும், ஒரு மனிதர் வீட்டு வாசலில் காரை நிறுத்திக்கொண்டு, பலகை அறுத்து, பசை தடவி, வயர் இழுத்து, மாதக் கணக்கில் உழைத்து, தம் கையாலேயே ஒரு பெரிய ஒலிச் சாதனத்தை அதற்குள் அமைக்கிறார் என்றால், அது ஒரு படைப்பு. படைப்பு என்று வந்துவிட்டால் அதற்கு விமரிசனமும் உண்டு.

நல்ல ரசிகர்கள் என்று பெயர் எடுத்தவர்கள் இந்தப் படைப்பை மதிப்பதில்லை. தெருவில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர ஒரு கார் போனால் முகத்தைச் சுளிப்பதோடு அவர்களுடைய விமரிசனம் முடிந்துவிடுகிறது. இந்தக் கலையில் இறங்கியவர்களோ எதிர்க் கோடியில் நிற்கிறார்கள். ‘எத்தனை வாட்? எத்தனை டெசிபல்?’ என்ற இரண்டு கேள்விகளுக்கு மேல் மூன்றாவது கேள்வி அவர்களில் பலருக்குத் தோன்றுவதில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருக்கிறார்கள்: சக்தி என்றால் சத்தம் என்று இருவருமே நினைக்கிறார்கள். அப்படியல்ல என்பது என் கட்சி. காருக்குள் சக்தி வேண்டும்; நிறையவே வேண்டும். அது எதற்காக வேண்டும் என்று தெரிந்து செய்தவரின் சாதனம் ஒரு மாதிரி இருக்கும். தெரியாமல் செய்தவரின் சாதனம் வேறு மாதிரி இருக்கும். இரண்டுக்கும் உள்ள தூரம், வித்வானுக்கும் தொண்டையைக் கிழித்துக்கொள்கிறவருக்கும் உள்ள தூரம்.

காரில் பாட்டு வைப்பது ஆரம்பத்திலிருந்தே கையால் செய்கிற வேலையாகத்தான் இருந்து வந்திருக்கிறது. 1930-ம் வருஷம் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி நகரில் ரேடியோ உற்பத்தியாளர்களின் மாநாடு ஒன்று நடந்தது. பால் கால்வின் என்பவர் உள்ளே கடை போட வசதியில்லாமல், ரேடியோ பொருத்திய தம் காரையே வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, போகிற வருகிறவர்களைக் கேட்கச் செய்தார். ‘மோட்டரோலா’ என்ற பெயர் பிறந்தது அந்த ரேடியோவுக்காகத்தான். அதன் விலை 110 முதல் 130 டாலர் வரை. அப்போது ஒரு நல்ல புதுக் காரின் விலையே ஐந்நூறு அறுநூறு டாலர்தான். விலை கொடுத்தால் மட்டும் போதாது. காரின் கூரைத் துணியைப் பிரித்து ஆன்டெனாவை ஒளிக்க வேண்டும். தரையில் இடம் வெட்டிப் பாட்டரிகளை வைக்க வேண்டும். காரைப் பாதி கழற்றினால்தான் அதைப் பாட வைக்கலாம் என்ற நிலைமை.

1955-ல் கிரைஸ்லர் கம்பெனி, தன் 1956-ம் வருஷத்து மாடல்களுக்காக, காருக்குள் இசைத்தட்டே சுழலும்படி ஒரு யந்திரத்தைக் கொண்டுவந்தது. நிமிஷத்துக்குப் பதினாறே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும் விசேஷத் தட்டுகள் அதற்கு வேண்டும். வீட்டில் இருக்கும் தட்டு காரில் பாடாது. அந்த ஏற்பாடு சில வருஷங்களுக்கு மேல் நீடிக்கவில்லை. பிறகு டேப் வந்தது, காஸெட் வந்தது, ஸி.டி. வந்தது, இன்று பாட்டு டெலிபோனுக்குள் குடியிருக்கிறது. பாட்டை வைக்கும் பாத்திரம் இத்தனை தடவை மாறியும், அதை ஒலிக்கச் செய்வதில் காருக்கு இருக்கும் அடிப்படைக் கஷ்டம் மாறவில்லை.

கஷ்டம் பாட்டரியில் இருக்கிறது. காரின் பாட்டரி 12 வோல்ட். எஞ்ஜின் ஓடும்போது 14 வோல்ட் சொச்சம் கிடைக்கும். இந்தச் சிறிய அழுத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு சாதாரண நாலு ஓம் ஸ்பீக்கருக்குள் தள்ளக்கூடிய சக்தி, சுத்தமாக இருபது வாட்டுக்குச் சற்று முன்பின். காருடன் வரும் ரேடியோவின் அட்டையில் ஐம்பது வாட் என்று அச்சடித்திருந்தாலும், உள்ளே இருப்பது கணக்குக்குக் கட்டுப்பட்டதுதான். அதற்கு மேல் வேண்டுமானால், 14 வோல்ட்டை முதலில் பெரிய வோல்ட்டாக மாற்றிக்கொள்ளும் தனி ஆம்ப்ளிபயர் வேண்டும். வீட்டில் சாதனம் செய்கிறவர் வாங்கும் முதல் பெரிய சாமான் அதுதான்.

‘இருபது வாட் போதாதா? வீட்டில் ஐந்து வாட் ரேடியோவே கணீரென்று கேட்கிறதே?’ என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வீடு ஓடுவதில்லை, கார் ஓடுகிறது. டயர் தரையில் உருளும் ஓசை, எஞ்ஜினின் உறுமல், காற்றின் இரைச்சல் எல்லாம் சேர்ந்து காருக்குள் ஒரு திரை போடுகின்றன. இந்த இரைச்சலில் பெரும் பங்கு தாழ்ந்த ஸ்தாயியில் இருக்கிறது. ஆகையால் அது முதலில் விழுங்குவது சங்கீதத்தின் தாழ்ந்த பகுதியை. மிருதங்கத்தின் வலந்தலை கேட்கும், தொப்பி கேட்காது. பாடகரின் சொல் கேட்கும். குரலின் கனம் கேட்காது. காரின் சங்கீதம் சப்பென்று இருக்கிறது என்று நாம் சொல்வதற்கு முக்கியமான காரணம் இதுவே. இது போதாதென்று, மெதுவான ஒலியில் தாழ்ந்த ஸ்வரங்களை நம் காதே சரியாகக் கேட்பதில்லை என்பதை பிளெச்சரும் மன்ஸனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சக்தியை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு அது ஒரு சின்னப் படி. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் சக்தி ஏறக்குறையப் பத்து மடங்கு வேண்டும். 50 வாட்டுக்கு மேல் ஒரு படி 500. அதற்கு மேல் அடுத்த படி 5,000. சங்கீதமோ ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. ஆலாபனை மெதுவாகப் போகும். அடுத்த கணம் தவிலில் ஒரு அடி விழும். அந்த ஒரு அடிக்கு, சராசரியைப்போலப் பல மடங்கு சக்தி ஒரு நொடியில் சிறு பங்கு நேரத்துக்குத் தேவை. அது கையிருப்பில் இல்லாவிட்டால் ஆம்ப்ளிபயர் அலையின் தலையையும் காலையும் வெட்டிவிடும். அடி அடியாக இராது, கிழிசலாக இருக்கும். இப்படி வெட்டுப்பட்ட அலைதான் மெல்லிய சுருள்களைக் கருக்கிப் பல ஸ்பீக்கர்களைக் கொன்றிருக்கிறது.

ஆக, ஆயிரம் வாட் என்பது ஆயிரம் வாட்டிலும் சதா கத்துவதற்காக அல்ல. பெரும்பாலான நேரம் இருபது முப்பது வாட்டில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்து, அவசியமான கணத்தில் மூச்சு முட்டாமல் எழுவதற்காக. மேல் ஷட்ஜத்துக்கு மேலும் குரல் எட்டும் என்று தெரிந்த பாடகர் மத்திம ஸ்தாயியில் எவ்வளவு ஆறுதலாகப் பாடுகிறார்! அந்த ஆறுதல் நமக்கும் தொற்றிக்கொள்கிறது. சக்தி நிறைந்த சாதனத்தின் அழகும் அந்த ஆறுதல்தான்.

இதைப் புரிந்துகொண்டவர், ஆம்ப்ளிபயர் வாங்குவதற்கு முன் ஸ்பீக்கரைப் பார்ப்பார். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கர் ஒன்று. 84 டெசிபல் தருவது இன்னொன்று. இரண்டாவதை முதலாவதுக்குச் சமமாக ஒலிக்கச் செய்ய நாலு மடங்கு சக்தி வேண்டும். நாலு மடங்கு ஆம்ப்ளிபயர், அதற்குத் தகுந்த கனத்த வயர், அதற்கு ஈடு கொடுக்கும் ஆல்டர்னேட்டர் என்று செலவு வளர்ந்துகொண்டே போகும். ஆயிரம் வாட்டை உண்மையாகவே தொடர்ந்து எடுத்தால், நல்ல ஆம்ப்ளிபயர்கூடப் பாட்டரியிலிருந்து சுமார் 90 ஆம்பியர் கேட்கும். பல சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர் உண்டாக்குவதே மொத்தம் அவ்வளவுதான். விளக்குக்கும் எஞ்ஜினுக்கும் அதிலிருந்துதான் போக வேண்டும். பாட்டில் ஒவ்வொரு அடி விழும்போதும் முன் விளக்கு மங்கி எரிகிற கார்களைப் பார்த்திருப்பீர்கள். விளக்கே விமரிசனம் செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

வயர் விஷயத்தில் கைவேலைக்காரரின் குணம் தெரிந்துவிடும். தாமிரத்துக்குப் பதில் தாமிர முலாம் பூசிய அலுமினியத்தை வாங்கி மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. அதே பருமனில் அது குறைவான மின்சாரத்தைத்தான் தாங்கும். பாட்டரியிலிருந்து கிளம்பும் வயரில், ஒன்றரை அடிக்குள் ஒரு பியூஸ் இருந்தே தீர வேண்டும். இந்த பியூஸ் ஆம்ப்ளிபயரைக் காப்பாற்றுவதற்காக என்று பலர் எண்ணுகிறார்கள். இல்லை, அது வயரைக் காப்பாற்றுவதற்காக. கனத்த வயர் ஏதோ ஒரு இரும்பு விளிம்பில் உரசித் தோல் உரிந்தால், பாட்டரியின் முழு பலமும் அந்த இடத்தில் நெருப்பாக இறங்கும். வயர் இரும்புச் சுவரைக் கடக்கும் துவாரத்தில் ஒரு ரப்பர் வளையம் வைக்க வேண்டியதும் இதனால்தான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இந்த ரப்பர் வளையத்தை வைத்திருக்கிறாரா என்று பாருங்கள்; அவருடைய கலையைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

இனிப் பெட்டிக்கு வருவோம். சப்வூபர் என்கிற பெரிய ஸ்பீக்கரைக் குடிவைக்கும் மரப்பெட்டி இது. வாத்தியத்துக்குக் குடம் எப்படியோ அப்படி இதற்குப் பெட்டி. ரொம்ப காலம் வரையில் பெட்டி செய்வது அநேகமாகக் குத்துமதிப்பான வேலையாக இருந்தது. 1961-ல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்ற எஞ்ஜினீயர் ஒரு கட்டுரை எழுதினார். எழுபதுகளின் ஆரம்பத்தில் ஸிட்னி சர்வகலாசாலையில் ரிச்சர்ட் ஸ்மால் என்பவர் அதை விரிவாக்கினார். ஸ்பீக்கரின் இயற்கைச் சுருதி எது, அதன் துள்ளலை எது எவ்வளவு அடக்குகிறது, அதன் விறைப்பு எத்தனை லிட்டர் காற்றின் விறைப்புக்குச் சமம் என்று சில எண்கள் தெரிந்தால், பெட்டியின் அளவைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம் என்று இருவரும் காட்டினார்கள். வீட்டுத் தச்சருக்கு விஞ்ஞானம் செய்த பெரிய உபகாரங்களில் இது ஒன்று. இன்று எந்த சப்வூபரை வாங்கினாலும் அந்த எண்களை அச்சிட்ட காகிதம் ஒன்று கூடவே வருகிறது. பலர் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

பெட்டியில் முக்கியமாக இரண்டு ஜாதி. ஒன்று, காற்றுப் புகாமல் முழுவதும் அடைத்தது. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கருக்கு 30 லிட்டர் சுமார் இருந்தால் பெரும்பாலும் போதும். இன்னொன்று, ஒரு பக்கம் குழாய் வைத்தது. இது பெரிதாக இருக்கும். குழாயின் நீளத்துக்கும் அகலத்துக்கும் ஏற்ற ஒரு சுருதியில் அதிகச் சத்தம் கொடுக்கும். அந்தச் சுருதிக்குக் கீழே சட்டென்று விழுந்துவிடும். ஒரே சக்தியில் அதிகச் சத்தம் வேண்டும் என்கிறவர்கள் குழாய்ப் பெட்டியை விரும்புவதில் ஆச்சரியமில்லை. ஆனால் கணக்குப் பார்க்காமல் செய்த குழாய்ப் பெட்டி, எந்தப் பாட்டைப் போட்டாலும் தனக்குப் பிடித்த ஒரே ஸ்வரத்தையே திரும்பத் திரும்ப முழங்கும். பாட்டு மோகனமாக இருந்தால் என்ன, தோடியாக இருந்தால் என்ன? பெட்டிக்கு ஒரே ராகம்தான். அதிலும் ஒரே ஸ்வரம்தான்.

இந்த இடத்தில் கார் நமக்கு ஒரு வரம் தருகிறது. 40 ஹெர்ட்ஸ் சுருதியில் உள்ள ஒலி அலையின் நீளம் எட்டரை மீட்டர். காரின் உட்புறமோ இரண்டு மூன்று மீட்டர். அலை நீண்டு படுப்பதற்கே உள்ளே இடமில்லை. ஆகையால் சுமார் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே, காருக்குள் இருக்கும் காற்று முழுவதுமே ஒன்றாக அழுந்தித் தளர்கிறது. சுருதி இறங்க இறங்க ஒலி தானாகவே ஏறுகிறது. அடைத்த பெட்டியின் சுபாவமோ, சுருதி இறங்க இறங்க ஒலி குறைவது. ஒன்று ஏறுகிற விகிதமும் மற்றது இறங்குகிற விகிதமும் ஏறக்குறையச் சமம். இரண்டும் சேர்ந்தால் கீழே வரை சமதளமாகப் போகும் ஒலி, ஒரு சின்னப் பெட்டியிலிருந்து கிடைத்துவிடுகிறது. வீட்டு ஹாலில் பெரிய செலவு செய்தாலும் எளிதில் கிடைக்காத ஆழம் இது. காரின் உடம்பையும் வாத்தியத்தில் ஒரு பாகமாக எண்ணிச் செய்கிறவருக்கே இந்த வரம் பலிக்கும். பெரிய கம்பெனிகளும் இதைத் தெரிந்துகொண்டன. அமர் போஸின் கம்பெனி 1983-ம் வருஷத்து ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்காக, அந்தக் காரின் உட்புறத்தையே அளந்து சாதனம் அமைத்துக் கொடுத்தது.

அடுத்தது மேடை. சபாவில் பாடகர் நமக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். காரில் ஸ்பீக்கர்கள் கதவின் அடிப்பாகத்தில் இருப்பதால், பாடகர் நம் கணுக்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறார். வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு வலது ஸ்பீக்கர் அருகில் இருக்கிறது. இடது ஸ்பீக்கர் அறுபது சென்டிமீட்டராவது அதிக தூரத்தில். விநாடிக்கு 340 மீட்டர் போகும் ஒலி, அந்த தூரத்தைக் கடக்க ஒரு விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவான நேரம் எடுத்துக்கொள்கிறது. இந்த அற்ப நேரத்தைக் காது கவனித்துவிடுகிறது. பாடகர், வயலின், மிருதங்கம் எல்லாரும் வலது கதவுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பக்கத்து ஸ்பீக்கரை அந்த அளவு நேரம் காக்க வைக்கும் சாதனம் இப்போது சுலபமாகக் கிடைக்கிறது. அதைச் சரியாக அமைத்தால், கண்ணாடிக்கு அப்பால் எஞ்ஜின் மூடியின் மேல் கச்சேரி மேடை எழும்புகிறது. முதல் தடவை கேட்கிறவர் வாயடைத்துப் போவார். ஆனால் இதில் ஒரு சுயநலமும் உண்டு: ஓட்டுகிறவருக்குச் சரியாக அமைத்த மேடை, பக்கத்தில் இருக்கும் மனைவிக்கு முன்னைவிடக் கோணலாகத்தான் கேட்கும். நல்ல கைவேலைக்காரர் இரண்டு அமைப்புகளைச் செய்து வைத்துக்கொள்வார். தனியாகப் போகும்போது ஒன்று, குடும்பத்தோடு போகும்போது ஒன்று.

இந்தக் கலைக்குப் போட்டிகளும் உண்டு. அமெரிக்காவில் எண்பதுகளில் அவை மும்முரமாயின. வேய்ன் ஹாரிஸ் என்ற பெயர்பெற்ற போட்டியாளர், 1960-ம் வருஷத்து காடிலாக் கார் ஒன்றில் தம் சாதனத்தை அமைத்தார். அது சாதாரணக் கார் அல்ல, சவ ஊர்தி. பிறகு தொண்ணூறுகளில் டெசிபல் பந்தயம் என்றே ஒரு விளையாட்டை அவர் தோற்றுவித்தார். இந்தப் பந்தயத்தின் உச்சப் பிரிவில், கதவுகளை இறுக்கிப் பிணைத்து, தடித்த கண்ணாடி போட்டு, ஒரே ஒரு சுருதியைச் சில விநாடிகள் மட்டும் ஒலிக்கிறார்கள். 170 டெசிபலைத் தாண்டிய வண்டிகள் உண்டு. அந்தச் சமயத்தில் உள்ளே மனிதர் இருக்கக் கூடாது. மைக் மட்டும் இருக்கும்.

இதைப் பழிக்க எனக்கு மனமில்லை. பாரம் தூக்குகிறவர் சமையலுக்கு விறகு சுமப்பதில்லை என்று யாராவது குறை சொல்வார்களா? அது விளையாட்டு, அதற்கு உரிய கெட்டிக்காரத்தனமும் உழைப்பும் அதில் இருக்கின்றன. கேட்பதற்கு ஆளே இல்லாத ஒலியைச் சங்கீதம் என்று சொல்லாத வரைக்கும் சண்டையில்லை. தொல்லை எங்கே வருகிறதென்றால், அந்த விளையாட்டின் அளவுகோலைத் தினசரி ஆபீசுக்குப் போகும் காருக்குள் கொண்டுவரும்போது வருகிறது.

தாழ்ந்த ஒலியே ஆபாசம் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஜப்பானில் ரோலண்ட் கம்பெனி 1980-லிருந்து 1983 வரை டி.ஆர்.-808 என்ற தாள யந்திரத்தைச் செய்தது. நிஜமான டிரம் மாதிரி இல்லை என்று அப்போது பலர் அதை ஒதுக்கினார்கள். அதன் பெரிய டிரம்மின் நாதம் மிகவும் தாழ்ந்தது. வேண்டுமானால் அதை நீளமாகக் கரைய விடலாம். 1982-ல் நியூயார்க்கில் ஆப்பிரிக்கா பம்பாட்டாவின் ‘பிளானெட் ராக்’ இசைத்தட்டில் அது ஒலித்தது. பிறகு எண்பதுகளின் நடுவில் மயாமி நகரத்து இளைஞர்கள் அந்த நாதத்தைச் சுற்றியே ஒரு தனிச் சங்கீதத்தைக் கட்டினார்கள். காருக்குள் இருக்கும் பெரிய ஸ்பீக்கர்களை மனத்தில் வைத்துக்கொண்டே செய்த சங்கீதம் அது. அதன் வார்த்தைகளில் பல, குடும்பத்தோடு கேட்கத் தக்கவை அல்ல என்பது உண்மை. ஆனால் நாதத்தை மட்டும் கவனித்துக் கேட்டால், அடி விழுந்து, நீண்டு, கரைந்து, அடுத்த அடிக்கு இடம் விடும் ஒழுங்கில் ஒரு அழகு இருக்கிறது. மோசமான சாதனத்தில் அந்தக் கரைசல் கேட்காது. வெறும் அதிர்வுதான் கேட்கும். அந்தச் சங்கீதத்துக்கும் துரோகம் செய்வது அதே மோசமான சாதனம்தான்.

தெருவில் உள்ளவர்களின் வழக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. தாழ்ந்த ஒலி சுவரைக் கடந்து போகும். மேல் ஒலி தங்கிவிடும். ஆகவே காருக்குள் இருப்பவருக்குப் பாட்டு. வெளியே இருப்பவருக்கு அந்தப் பாட்டின் உதை மட்டும். மயாமி இருக்கும் ஃப்ளோரிடா மாநிலத்தில், 25 அடி தூரத்துக்குத் தெளிவாகக் கேட்டால் அபராதம் என்று ஒரு சட்டம் இருந்தது. வியாபாரத்துக்கும் அரசியலுக்கும் ஓடும் வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. சோப்பு விற்கிறவரும் வோட்டுக் கேட்கிறவரும் கத்தலாம், பாட்டுக் கேட்கிறவர் கூடாது என்றால் எப்படி என்று கருதி, 2012-ல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பு நியாயமானது. ஆனால் சட்டம் தள்ளுபடி ஆனதால் தூங்குகிற குழந்தையின் நியாயம் தள்ளுபடி ஆகிவிடாது. நம் நாட்டில் 2000-ம் வருஷத்து விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று எல்லை வகுத்திருக்கின்றன. கோவில் திருவிழாவின் குழாய் ஸ்பீக்கர் அந்த விதியைப் படித்ததாகத் தெரியவில்லை. காரை மட்டும் குறை சொல்வானேன் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

தெருவைவிட அருகில் ஒருவர் இருக்கிறார்: காருக்குள் இருக்கும் அவரே. அமெரிக்காவின் தொழில் சுகாதார நிபுணர்களின் கணக்குப்படி 85 டெசிபலைத் தினம் எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம். அதற்கு மேல் உள்காதின் நுண்ணிய மயிர் செல்கள் சாகத் தொடங்கும். அவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது மேல் ஸ்தாயி. அதாவது வயலினின் மினுக்கும் பேச்சில் வரும் ‘ஸ’காரமும். காது மந்தமானால் சத்தத்தைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் காது இன்னும் மந்தமாகும். கையால் பலகை அறுத்து, வயர் இழுத்து, பல வருஷம் கேட்பதற்காக ஒருவர் செய்த சாதனம், தன்னைக் கேட்கும் ஒரே ரசிகரின் காதையே தின்றுவிடுகிறது. இதைவிடப் பரிதாபமான முடிவு ஒரு படைப்புக்கு வர முடியாது.

அப்படியானால் எது நல்ல சாதனம்? டெசிபல் மீட்டர் இல்லாமலே சோதிக்க நாலு வழிகள் சொல்கிறேன். எஞ்ஜினை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசக்கூடிய அளவுக்கு ஒலியைக் குறையுங்கள். அப்போதும் மிருதங்கத்தின் தொப்பிக்கு உடம்பு இருக்கிறதா? இருந்தால் முதல் சோதனையில் தேறியது. இரண்டாவது, ஒரு அடி விழுந்தபின் அது நிற்கிறதா என்று பாருங்கள். அடியின் வாலில் கதவும் நம்பர் பலகையும் தாளம் போட்டால், செலவழிக்க வேண்டியது ஆம்ப்ளிபயரில் அல்ல; கதவுத் தகரத்தின் உட்புறம் ஒட்டும் ரப்பர்த் தாளில். மூன்றாவது, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வழக்கமாகக் கேட்கும் ஒலியில் பாட்டை விட்டு, இறங்கிப் பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். அங்கே கேட்பது உங்களுக்கே சகிக்கவில்லையென்றால் அடுத்த வீட்டுக்காரருக்கு எப்படிச் சகிக்கும்?

நாலாவது எல்லாவற்றிலும் சுலபமானது, காசும் வேண்டாம். ரேடியோவில் செய்தி வையுங்கள். சாதாரணமாக மனிதக் குரலின் அடித்தளம், ஆணின் குரலாயிருந்தாலும், 80 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ளதை மட்டும் பின்னால் உள்ள பெட்டிக்கு அனுப்பும்படி சாதனத்தைப் பிரித்து வைத்திருந்தால், செய்தி வாசிக்கும்போது டிக்கி வாய் திறக்காது. திறந்து, வாசிக்கிறவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல உறுமினால், பிரிவினை தவறு. அல்லது பெட்டியைத் தேவைக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறீர்கள்.

அடுத்த ஆயிரம் வாட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தச் செய்திச் சோதனையைச் செய்து பாருங்கள். சப்வூபர் மௌனமாக இருந்து, செய்தி முடிந்து நாகஸ்வரம் ஆரம்பித்ததும் தவிலோடு அது விழித்துக்கொண்டால், உங்களிடம் போதுமான சக்தி ஏற்கெனவே இருக்கிறது. செய்தியின்போதே டிக்கி பேசினால், இன்னும் ஆயிரம் வாட் வாங்கினாலும் அது இன்னும் உரக்கப் பேசும், அவ்வளவுதான்.